ராட்சத ராட்டினம் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பொருட்காட்சி, மாரியம்மன் பொங்கல், மாதா கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போய் ராட்சத ராட்டினத்தை மாட்டி, ஓட்டி, பிரித்து லாரியில் ஏற்றுவதுதான் என் வேலை. கோளாறு புதிதாக வருவது அபூர்வம். அதே ஏழெட்டுக் கோளாறுதான் ஊர் மாறி ஊர் வந்து நிற்கும். ஒவ்வொரு சீசனிலும் புதுப் பையன் ஒருவன் அதே கேள்வியோடு என்னிடம் ஓடிவருவான். அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் பக்கம் அதிகம் பார்க்கிற வகையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் கால்கள், நடுவில் அச்சு, சுற்றிலும் 12 தொட்டி, விளிம்பை அழுத்தி உருட்டுகிற ரப்பர் டயர், அந்த டயருக்குப் பின்னால் கியர்பாக்ஸ், மூன்று பேஸ் மோட்டார், ஒரு பிரேக். கயிறு போட்டுச் சுற்றுகிற பழைய ராட்டினம் வைத்திருப்பவர்கள், டயர் என்று வருகிற இடத்தில் கயிறு என்று படித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி பொருந்தும்.

## எந்தக் கோளாறானாலும் முதல் வேலை

ஆட்களை இறக்குங்கள். டிக்கெட் கொடுப்பதை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டுப் பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், முதலாளியே சொன்னாலும், கேட்காதீர்கள். தொட்டியில் ஒரே ஒரு ஆள் இருந்தால்கூட ஸ்பானர் எடுக்கக் கூடாது.

இறக்கிய பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். சாவி வேலை பார்க்கிறவன் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். பேனல் பக்கம் வேறு யாராவது வந்து, தெரியாமல் பட்டனைத் தட்டிவிடுவது நடக்காத விஷயம் இல்லை. பிரேக் பிடித்திருந்தாலும் கீழே உள்ள தொட்டியை இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் நான் மேலே ஏறுவேன்.

## பட்டனை அழுத்தியும் சுற்றவில்லை

சத்தமே இல்லை. கரண்ட் வரவில்லை, அல்லது வந்த கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை. எமர்ஜென்சி பட்டனை யாராவது அழுத்திவிட்டு விடுவிக்காமல் போயிருக்கலாம். பாதி நாள் இதுதான். அப்புறம் ஃபியூஸ், ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் தட்டி நிறுத்துவது), கதவு சுவிட்ச் இருந்தால் அது. ரிலே தட்டியிருந்தால் ஒரு தடவை ரீசெட் செய்யலாம். மறுபடியும் தட்டினால் அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது. ரிலேயின் அளவை ஏற்றிவைத்து ஓட்டாதீர்கள். அளவை ஏற்றினால் அடுத்து எரியப்போவது மோட்டார் காயில்.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. உடனே ஆஃப் செய்யுங்கள். மூன்று பேஸில் ஒன்று வரவில்லை என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். இந்த நிலையில் ஒரு நிமிடம் விட்டாலே காயில் கருகிவிடும். ஜெனரேட்டர் வாயிலில் தொடங்கி மோட்டார் வரை, மல்டிமீட்டரால் இரண்டு இரண்டு பேஸாக அளந்துகொண்டே வாருங்கள். மூன்று ஜோடியிலும் 415 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். எந்த இடத்தில் ஒரு ஜோடி குறைகிறதோ, அதற்கு முந்தைய இணைப்பில்தான் கோளாறு. பெரும்பாலும் கருகிய ஃபியூஸ், தளர்ந்த லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்), காண்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) தேய்ந்த முனை. ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற கேபிளில் லக் தளர்வது சாதாரணம். புது ஊரில் மாட்டின மறுநாள் காலையில் எல்லா லக்கையும் ஒரு சுற்று இறுக்குவது எங்கள் வழக்கம்.

மூன்று பேஸும் சரியாக இருந்தும் உறுமினால் பிரேக் விடவில்லை. பிரேக் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் விடவில்லை என்றால் காயில் போயிருக்கும், இல்லை பிரேக்கின் லைனிங் (உரசிப் பிடிக்கிற பட்டை) ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மோட்டார் சுற்றுகிறது, ராட்டினம் நகரவில்லை. டயர் வழுக்குகிறது. மழை பெய்து விளிம்பு நனைந்திருக்கலாம். அச்சுக்கு அடித்த கிரீஸ் வழிந்து விளிம்பில் பட்டிருக்கலாம். பனியன் வேஸ்ட்டால் விளிம்பைத் துடையுங்கள். கிரீஸ் என்றால் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி உலர விடுங்கள். டீசல் போட்டுத் துடைத்தால் ரப்பர் கெடும், வழுக்கலும் போகாது. பிடிப்புக்காக மண்ணை அள்ளித் தூவுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த மண் டயரையும் விளிம்பையும் சேர்த்து அரைத்துவிடும். துடைத்தும் வழுக்கினால் டயரில் காற்று, பிறகு அழுத்துகிற ஸ்பிரிங்கின் போல்ட். அதற்குப் பிறகும் வழுக்கினால் டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஜெனரேட்டர் மாற்றியபோது பேஸ் இடம் மாறியிருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு ஏதாவது இரண்டு பேஸை மாற்றிப் போட்டால் சரியாகும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் கிளம்பவே திணறுகிறது, மோட்டார் சுடுகிறது. வோல்ட் குறைவு. ஜெனரேட்டர் பக்கத்தில் அளந்துவிட்டு "415 இருக்கே" என்று சொல்லக் கூடாது. ராட்டினம் ஓடும்போது மோட்டார் பெட்டியில் அளக்க வேண்டும். ஜெனரேட்டர் தூரத்தில் நின்று, கேபிள் மெல்லியதாக இருந்தால் வழியிலேயே வோல்ட் தின்றுவிடும். மிச்சக் கேபிளை வளையமாகச் சுருட்டிப் போட்டிருந்தால் பிரித்துப் பரப்புங்கள். சுருளுக்குள் சூடு ஏறி மேலுறை உருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: மோட்டாரிலிருந்து கருகின வார்னிஷ் வாடை வந்தால், அல்லது ஓவர்லோடு இரண்டாம் தடவையும் தட்டினால். காயில் கட்ட ஒரு நாள் போகும். அந்த ஒரு நாள் போனால் போகட்டும்.

## பாதிச் சுற்று வேகம், பாதிச் சுற்று மெதுவு

புது ஆபரேட்டர்கள் இதைப் பார்த்ததும் மோட்டாரைச் சந்தேகப்படுவார்கள். மோட்டாருக்குப் போகாதீர்கள். ஆட்களை ஏற்றிய முறையைப் பாருங்கள்.

கூட்டம் வந்ததும் முதல் தொட்டியில் தொடங்கி வரிசையாக நிரப்பிக்கொண்டே போனால், ஒரு பக்கம் ஆறு தொட்டி நிறைந்தும் எதிர்ப்பக்கம் காலியாகவும் இருக்கும். கனம் இறங்கும்போது ராட்டினம் ஓடும், ஏறும்போது முக்கும். டாங் டெஸ்டரை (கேபிளைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) மோட்டார் கேபிளில் மாட்டிப் பார்த்தால் ஆம்பியர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்குவது தெரியும். ஒன்றாம் தொட்டியில் ஏற்றினால் அடுத்து ஏழாம் தொட்டி, பிறகு நான்கு, பிறகு பத்து. இறக்கும்போதும் இதே வரிசை. நேரம் கொஞ்சம் கூடுதலாகும், வரிசையில் நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். பரவாயில்லை. ஒரு பக்கக் கனத்தோடு பிரேக் பிடிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

காலியாக ஓட்டும்போதும் வேகம் மாறினால்தான் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். விளிம்பு வட்டம் கெட்டிருக்கலாம்: டயர் பக்கத்தில் ஒரு குச்சியை நிலையாக நட்டு, அதன் நுனிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒரு சுற்றில் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மாறினால் அங்கே ஒரு இணைப்பு சரியாக உட்காரவில்லை, கழற்றி மாட்டலாம். பாதி வட்டத்துக்கு மாறிக்கொண்டே வந்தால் ஆரக்கால் வளைந்திருக்கிறது. அதற்கு ராட்டினம் செய்தவரைக் கூப்பிட வேண்டும். கயிறு போட்டு இழுத்து நிமிர்த்தக் கூடாது.

## சத்தம் மாறியிருக்கிறது

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சத்தத்தை எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு சாக்பீஸ் எடுத்து ஒரு தொட்டியில் கோடு போட்டு, அந்தத் தொட்டி அடியைத் தொட்டுத் திரும்ப அடிக்கு வருவதற்குள் சத்தம் எத்தனை தடவை கேட்கிறது என்று எண்ணுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்'. ராட்டினத்தின் உடம்பில், ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் தளர்வு. ஆரக்காலை மாட்டுகிற 'பின்' (துளையில் செருகும் இரும்பு ஆணி) ஆட்டம் கண்டிருக்கும். சத்தம் வந்த நொடியில் மேலே எந்தத் தொட்டி இருந்தது, கீழே எது என்று குறித்து, அந்த வரிசையில் உள்ள பின்னையும் நட்டையும் மட்டும் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு 12 தடவை. விளிம்பின் துண்டுகள் சேருமிடம் ஒவ்வொன்றும் டயரைத் தாண்டும்போது தட்டுகிறது. 12 இணைப்பும் ஒரே நேரத்தில் கெடாது. ஆகவே டயரைத்தான் பார்க்க வேண்டும். டயர் கோணலாக அழுத்துகிறது, அல்லது அதன் தாங்கி நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டு போல்ட்டில் முடிகிற வேலை.

இருபது, இருபத்தைந்து தடவை. டயர் தன் சுற்றுக்கு ஒரு தடவை தட்டுகிறது. கணக்கு எளிது: 15 மீட்டர் விட்டமுள்ள ராட்டினத்தின் சுற்றளவு சுமார் 47 மீட்டர், 60 சென்டிமீட்டர் டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். ஒரு சுற்றுக்கு டயர் 25 தடவை உருள வேண்டும். உங்கள் ராட்டினத்துக்கு இந்த எண்ணைப் போட்டுப் பேனல் கதவுக்குள் எழுதி ஒட்டிவையுங்கள். டயரில் கல் ஏறியிருக்கலாம், ரப்பர் பிய்ந்திருக்கலாம், வீல் நட்டு தளர்ந்திருக்கலாம்.

எண்ண முடியாத 'கரகர'. பேரிங் அல்லது கியர்பாக்ஸ். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை உறைமேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேளுங்கள். சுற்றுகிற பாகம் எதிலும் துணியோ கையோ பட்டுவிடாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். அச்சின் இரண்டு பக்கமும் பிளம்மர் பிளாக் (பேரிங் உட்கார்ந்திருக்கும் உறை) இருக்கிறது. இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அச்சு சுற்றுவது மிக மெதுவாக. அந்த வேகத்தில் பேரிங் சுடவே கூடாது. ஒரு பக்கம் கைக்குச் சூடாகத் தெரிந்தாலே அது அறிகுறி. கிரீஸ் கன்னால் அடித்துப் பாருங்கள். உள்ளே போகாவிட்டால் நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற வாய்) அடைத்திருக்கும், மாற்றுங்கள். பழைய கிரீஸ் வெளியே வரும்போது விரலில் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. மணல் மாதிரி நறநறத்தாலோ, வெயிலில் வெள்ளியாக மின்னினாலோ பேரிங் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. இனி கிரீஸ் அடித்துப் பயன் இல்லை. கிரேன் வைத்து அச்சைத் தூக்கி மாற்ற வேண்டிய வேலை அது. இந்த வரிசையில் அதிகச் செலவு பிடிப்பதும் அதுதான்.

கியர்பாக்ஸுக்கு ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, மூடியின் வாஷரை மாற்றினால் போதும். ஆயிலில் பொன் பொடி தூவினது போல மினுக்கினால் உள்ளே இருக்கிற வெண்கலச் சக்கரம் தேய்கிறது. அந்த ராட்டினத்தில் ஆள் ஏற்றாதீர்கள்.

'கிரீச்' என்று தொட்டி பக்கமிருந்து. தொட்டி தொங்குகிற பின் காய்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டால் அடங்கும். அடங்காவிட்டால் 'தொட்டி நேராகத் தொங்கவில்லை' என்ற தலைப்புக்குப் போங்கள்.

பின் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஊரில் ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்'கைத் தேடிப் போனபோது, ஆரக்கால் துளையில் எங்கள் பின்னுக்குப் பதிலாகக் கான்கிரீட் கம்பித் துண்டு ஒன்று இருந்தது. பூட்டு கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். ராத்திரி மாட்டும்போது பின் ஒன்று குறைந்திருக்கிறது, எங்கள் ஆள்தான் ஏதோ ஒன்றைச் செருகியிருக்கிறான். அந்தக் கம்பியின் நடுவில் நகம் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து பின்களை எண்ணித்தான் பெட்டியில் போடுகிறோம், எண்ணித்தான் எடுக்கிறோம். குறைந்தால் செய்தவரிடமிருந்து அதே அளவு, அதே இரும்பில் வரும்வரை அந்த ராட்டினம் நிற்கும்.

நட்டுக்கு இன்னொரு வழி. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பானர் இல்லாமல் கண்ணாலேயே நூறு நட்டைப் பார்த்துவிடலாம்.

## ராட்டினம் சாய்ந்த மாதிரி தெரிகிறது, ஆடுகிறது

தரையைப் பாருங்கள். இரும்பு சாயாது, மண்தான் இறங்கும்.

விருதுநகர் பக்கம் ஒரு கரிசல் மைதானத்தில் ராட்டினம் மாட்டியிருந்தோம். மண் காய்ந்து பாறை மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் இரவு ஒரு மணி நேர மழை. காலையில் எப்போதும் போல அச்சிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். முதல் நாள் குண்டின் கூர்முனைக்கு நேர் கீழே ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன். கூர்முனை ஆணியை விட்டு இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. கண்ணுக்கு ராட்டினம் நேராகத்தான் இருந்தது. பின்பக்கக் கால் ஒன்றுக்கு அடியில் இருந்த ஸ்லீப்பர் கட்டை ஒரு ஓரமாக அமிழ்ந்து, மறு ஓரம் மண்ணை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. கையை விட்டால் கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல்கள் போயின. தூக்குக்குண்டு இல்லாமல் அன்று மாலை ஆள் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

சோதிக்கும் வரிசை இது. காலையில் தூக்குக்குண்டு. பிறகு ஒவ்வொரு காலின் அடித்தகட்டிலும் முதல் நாள் குறித்த அதே இடத்தில் ரசமட்டம் வையுங்கள். பிறகு ஸ்லீப்பர்களின் ஓரம் முழுக்கக் கையால் தடவுங்கள். கடைசியாகத் தாங்கு கம்பிகள்: ஒன்று தொளதொளத்தும் எதிரே உள்ளது விறைத்தும் இருந்தால் சாய்வு உறுதி.

சரிசெய்வதும் வரிசையாகத்தான். ராட்டினம் காலி, தொட்டிகள் கட்டப்பட்ட நிலை. ஜாக்கியால் அந்தக் காலை ஏற்றி, அகலமான கட்டையை அடியில் கொடுங்கள். செங்கல் வேண்டாம், பொடிந்துவிடும். சாய்வை இழுத்துச் சரிப்படுத்தலாம் என்று ஒரு தாங்கு கம்பியை மட்டும் முறுக்காதீர்கள். அந்த இழுப்பு முழுக்க வேறொரு இணைப்பில் போய் உட்காரும். மழைத் தண்ணீர் காலடிக்கு வராதபடி சுற்றி வாய்க்கால் வெட்டுங்கள்.

ஒரு தடவை சரிசெய்த கால் மறுநாளும் இறங்கினால் அது உங்கள் வேலை இல்லை. அடியில் பழைய குழியோ நிரப்பிய மண்ணோ இருக்கும். பிரித்து வேறு இடத்தில் மாட்ட வேண்டும். எங்கே மாட்டலாம் என்று உறுதிச் சான்று கொடுக்கிற பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மண் நன்றாக இருந்தும் ஆடினால் காற்று. தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். சரியாக ஆடிக் காற்றுக் காலம். அங்கே போகிறவர்கள் காற்றுமானி இல்லாமல் போகாதீர்கள். ஐரோப்பியத் தர வரையறையான ஈ.என். 13814 ஓட்டத்தின்போது கணக்கில் கொள்ளும் காற்று நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். உங்கள் ராட்டினத்தின் கையேட்டில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் உங்கள் எல்லை. தொட்டிகளில் கட்டிய விளம்பரத் துணிகளை அவிழ்த்துவிடுங்கள். அவை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும்.

## தொட்டி நேராகத் தொங்கவில்லை

ஆட்கள் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் சாயும். மாற்றி உட்கார வையுங்கள். காலித் தொட்டியும் சாய்ந்தபடி மேலே போய், சட்டென்று ஒரு இடத்தில் திரும்பினால் பின் இறுகியிருக்கிறது. தொட்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சல் மாதிரி நாலைந்து தடவை போய் வந்து நிற்க வேண்டும். உடனே நின்றுவிட்டால் கழற்றி, துருவை எமரியால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டும்போது 'கடக்' என்றால் புஷ் (பின்னைச் சுற்றியுள்ள உலோக உறை) தேய்ந்திருக்கிறது. அந்தத் தொட்டியை மட்டும் பூட்டிவிட்டு, சமநிலைக்காக அதன் எதிர்த் தொட்டியையும் காலியாக ஓட்டலாம் என்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. புஷ் விலை சொற்பம். மாற்றிவிட்டு ஓட்டுங்கள். தொங்கு கம்பியே வளைந்திருந்தால் செய்தவரிடம் அனுப்புங்கள்.

## நிறுத்தினால் நிற்கவில்லை

நிற்கிற இடம் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். மேடைக்கு நேராக நிற்க வேண்டிய தொட்டி ஒரு அடி தாண்டி நின்றால், மறுநாள் இரண்டடி தாண்டும். லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். கையேட்டில் உள்ள அளவுக்கு இடைவெளித் தகடு வைத்து முறுக்கலாம். லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் கழுவிப் போடாதீர்கள், எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். கியர்பாக்ஸின் ஆயில் சீல் போயிருக்கும்.

கரண்ட் போனதும் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். இதை தினமும் காலி ராட்டினத்தில் மெயினை இறக்கிச் சோதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்குக் கடை மூடினது மாதிரிதான்.

## தொட்டால் சுரீர் என்கிறது

"அண்ணே, வேலிக் கம்பியத் தொட்டா சுரீர்ங்குது" என்று ஒரு சின்னப் பையன் வந்து சொன்னாலும் மெயினை இறக்கிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேச வேண்டும். வேர்வைக் கை, ஈரத் தரை, வெறுங்கால். திருவிழாக் கூட்டத்தில் எல்லாம் ஒன்றாக இருக்கும். டெஸ்டரை வைத்து விளையாடிப் பார்க்க வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் அலங்கார விளக்கு. ஆரக்காலில் கட்டிய சீரியல் செட் வயர் சுற்றிச் சுற்றி இரும்பில் உரசி மேலுறை போயிருக்கும், அல்லது டேப் ஒட்டாத ஜாயின்ட்டில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும். விளக்குகளை முழுக்கக் கழற்றிவிட்டு, மோட்டாரை மட்டும் போட்டு அளந்துபாருங்கள். கசிவு நின்றால் ஒவ்வொரு வரிசையாக மாட்டிக்கொண்டே போனால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். நிற்காவிட்டால் மோட்டார், பேனல், கேபிள் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

எர்த் கம்பியைப் பாருங்கள். வேளாங்கண்ணி மாதிரிக் காய்ந்த கடல் மணலில் கம்பியை அடித்தால் மட்டும் போதாது. குழியை ஈரமாக வைத்திருக்க வேண்டும். கசிவைப் பிடிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனை தினமும் சாயங்காலம் கதவு திறக்கும் முன் அழுத்துங்கள். அது அடிக்கடி தட்டுகிறது என்று தாண்டி வயர் போடுகிறவனை வேலையை விட்டு அனுப்புங்கள். எர்த்தை மீட்டர் வைத்து அளப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. ஒவ்வொரு ஊரிலும் புதிதாக அளக்க வேண்டும், மண் ஊருக்கு ஊர் மாறும்.

## பெயின்ட்டில் கீறல், துரு வடிந்த கோடு

இந்த அறிகுறிக்கு எளிய காரணம், செலவான காரணம் என்ற வரிசையே கிடையாது. பார்த்ததும் நிறுத்தி, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து பழுப்பாக ஒரு கண்ணீர்த் தடம். விரலால் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். தடம் மறுபடி வந்திருந்தால் அது வெடிப்பு. குழாயைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் மணி போல ஒலிக்கும், அரித்த இடம் செத்த சத்தம் தரும். பிரிக்கும்போது குழாயிலிருந்து துருத் தண்ணீர் ஒழுகினால் அந்தக் குழாய் உள்ளிருந்து அரிக்கிறது. கடற்கரை ஊர்களில் ஓடுகிற ராட்டினத்தில் இதை அதிகம் பார்க்கிறோம்.

2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், ஒஹாயோ மாநிலப் பொருட்காட்சியில் நடந்ததை எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஃபயர் பால் என்ற ரைடு. ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கைகளையும் சேர்த்துச் சுழற்றுவது. நெதர்லாந்தின் கே.எம்.ஜி. நிறுவனம் செய்தது, அப்போது அதற்கு 18 வயது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கைகளின் ஒரு தொகுதி முறிந்து பறந்தது. அன்றே ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள். இருக்கைகளைத் தாங்குகிற உத்திரம் உள்பக்கம் துருப்பிடித்து, பல வருடங்களாகச் சுவர் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது என்று செய்த நிறுவனம் பின்னர் அறிவித்தது. அந்த ரைடு அன்றே சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றிருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தால் கண் ஏமாறும். 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத்தின் காங்கரியாவில் ஊசல் ரைடு ஒன்று முறிந்து விழுந்து 2 பேர் இறந்தார்கள்.

ஆகவே கீறல்மேல் வெல்டிங் வைத்து மூடாதீர்கள். அப்படி மூடினால் வெடிப்பு உள்ளே தொடரும், அடுத்து பார்க்கிறவனுக்கு அடையாளமும் இருக்காது. சந்தேகமான இடத்தில் சாயம் தடவிச் சோதிக்கிற ஆட்கள் பெரிய ஊர்களில் கிடைப்பார்கள். குழாய்ச் சுவரின் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டரால் வெளியிலிருந்தே அளக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை, சீசன் தொடங்கும் முன், எல்லாத் தாங்கு குழாய்களின் கனத்தையும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். போன வருட எண்ணோடு ஒப்பிட்டால்தான் மெலிவது தெரியும். மாற்ற வேண்டிய குழாயைச் செய்தவரே மாற்ற வேண்டும்.

## ஆட்களோடு மேலே நின்றுவிட்டது

முதலில் மைக்கை எடுங்கள். "ராட்டினம் நின்றிருக்கிறது, பிரேக் பிடித்திருக்கிறது, யாரும் எழுந்து நிற்காதீர்கள், கதவைத் தொடாதீர்கள்" என்று நிதானமான குரலில் சொல்லிக்கொண்டே இருங்கள். ஜெனரேட்டர் நின்றிருந்தால் மைக்கும் விளக்கும் சேர்ந்தே போயிருக்கும். பேட்டரியில் ஓடுகிற மெகாபோன் ஒன்றும் பெரிய டார்ச் இரண்டும் பேனல் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். மேலே இருட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும்போது இதன் அருமை தெரியும்.

கரண்ட் கோளாறு என்றால் 'பட்டனை அழுத்தியும் சுற்றவில்லை' என்ற தலைப்பில் உள்ள வரிசைப்படி போங்கள். மாற்று ஜெனரேட்டர் இருந்தால் அதுதான் மிகச் சீக்கிரமான வழி. இணைத்ததும் சுற்றும் திசை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால், கையால் பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலும் சுற்றும் கைப்பிடியும் உங்கள் ராட்டினத்தில் இருந்தால் மட்டும், பழகின இரண்டு பேர் சேர்ந்து இறக்கலாம். ஒருவர் நெம்புகோல், ஒருவர் கைப்பிடி. பிரேக்கை விட்ட நொடியில் கனமான பக்கம் கீழே பாயப் பார்க்கும், அதனால் கொஞ்சம் விட்டு, பிடித்து, மறுபடி கொஞ்சம். கீழே வந்த தொட்டியை இறக்கியதும் எதிர்ப்பக்கம் கனமாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்தக் கைப்பிடி இல்லாத ராட்டினத்தில் ஆட்களை வைத்து விளிம்பைப் பிடித்துச் சுற்றப் பார்க்காதீர்கள். அது கையை மீறும்.

என் கணக்கு பத்து நிமிடம். அதற்குள் முதல் தொட்டி இறங்கவில்லை என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிடுவேன், எண் 101 அல்லது 112. சத்தம் போட்டபடி யாராவது இரும்பைப் பிடித்து இறங்க முயன்றால் பத்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ரைடு உயரத்தில் நின்றுபோனபோது, தீயணைப்பு வீரர்கள் உயர ஏணி வண்டியோடு வந்துதான் எல்லாரையும் இறக்கினார்கள். பல மணி நேரம் ஆனது. அந்த வண்டி உங்கள் மைதானத்துக்குள் வர வழி இருக்கிறதா என்று மாட்டுகிற அன்றே பாருங்கள். கடைகளை ராட்டினத்தைச் சுற்றி நெருக்கிப் போட்டுவிட்டால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

எந்தத் தொட்டியில் எத்தனை பேர், குழந்தை உண்டா, மயக்கம் போட்டவர் உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வருகிற அதிகாரி கையில் கொடுங்கள். எல்லாரும் இறங்கின பிறகு தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள், டிக்கெட் பணத்தைக் கேட்கும் முன் திருப்பிக் கொடுங்கள்.

சில சமயம், ஒன்றும் செய்யாமலே ராட்டினம் திரும்ப ஓட ஆரம்பித்துவிடும். காரணம் தெரியாமல் தானாகச் சரியாகிவிட்ட கோளாறை நான் சரியானதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று இரவு தொட்டிகளைக் கயிற்றால் கட்டிப்போட்டு, பேனலைப் பூட்டி, வெளிச்சம் வந்ததும் ஜெனரேட்டர் வாயிலிருந்து மல்டிமீட்டரோடு ஆரம்பிப்பேன்.